இரண்டாவது பல்

ஓடெட் டீபோவால் எனக்கு வேலை போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி நான் நல்லதாகச் சொன்னால் சிநேகிதிக்காகப் பூசி மெழுகுகிறாள் என்பார்கள். கெட்டதாகச் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

நாங்கள் இருவரும் ஈஸ்ட் ஹார்லோவில், டிரம்லின் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டு செய்கிற இடம். மொத்தம் நாற்பத்தாறு பேர். நான் பேக்கிங்கில் இருந்தேன், அவள் பட்டறையில் இருந்தாள். வெர்மான்ட்டின் இந்த வடக்கு மூலையில் அன்று பிழைப்புக்கு வழி மூன்றுதான்: பால்பண்ணை, ஸ்டார்லிங் மலைக்குச் சறுக்க வருகிறவர்களுக்கு ஊழியம், இல்லையென்றால் டிரம்லின். ஓடெட் மூன்றையும் பார்த்தவள்.

பண்ணையில் பிறந்தாள். பதினெட்டு வயதில் தெற்கே போய், ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் லேத் ஓட்டினாள். அது மூடப்பட்டதும் ஊருக்குத் திரும்பி, 1992இல் எங்களோடு சேர்ந்தாள். துளைபோடும் கருவிகளுக்குக் கூர் வைப்பது, அச்சுகளைச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. உயரமானவள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுவாள். நிறுத்திய பேச்சு அவளுக்குள் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதலாளி வெண்டல் புரூயிட், கனெக்டிகட்காரர். நல்ல பேச்சுக்காரர். எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக்கூட நினைவு வைத்திருப்பார். வேலை செய்கிற எல்லோருக்கும் மலைக்கு இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தார். அந்தச் சீட்டால்தான் ஓடெட் முப்பத்திரண்டு வயதில் ஸ்னோபோர்டு பழகினாள்.

அவளுக்குப் பலகை பிடித்தது. பைண்டிங் பிடிக்கவில்லை. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற அந்தச் சாதனத்தில் அப்போதெல்லாம் வார்கள்தான். ஒவ்வொரு முறை கம்பியில் தொங்கும் லிஃப்டில் மேலே போய் இறங்கியதும் பனியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, இரண்டு காலுக்கும் வார் இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சியில் முப்பது நாற்பது பேர் அப்படி வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஓடெட் என்னிடம் சொன்னாள்:

"மாடுகூட நின்னபடியே மாட்டிக்குது, ஃபே. மனுஷன் மட்டும் குண்டிய நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. எதையோ பார்த்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

அவள் அப்பாவின் தொழுவத்தில் மாடு கட்டும் சட்டம் ஒன்று உண்டு. தீவனத்துக்குத் தலையை நீட்டும் மாடு தன் கழுத்தாலேயே கீழ்க்கட்டையை அழுத்தும். உடனே இரண்டு பக்கமும் சட்டங்கள் வந்து கவ்விக்கொள்ளும். மாட்டின் பாரமே பூட்டை மூடுகிறது. அதே வேலையைக் குதிகால் செய்யட்டும் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் கையில் கிடைத்தது காளை விந்து விற்கிற கம்பெனியின் காலண்டர். அதன் பிப்ரவரித் தாளின் பின்புறம் படம் போட்டாள். மறுநாள் வந்த கால்நடை டாக்டர் அதே தாளில், படத்துக்குப் பக்கத்திலேயே, எந்தப் பசு சினை என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார்.

மிதித்தால் மாட்டிக்கொள்ளும் பைண்டிங்கை அப்போது வேறு சிலரும் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரையும் தோற்கடித்தது பனி. உள்ளங்காலுக்கு அடியில் ஒட்டிய பனி இறுகி ஐஸாகிவிடும். பூட்ஸ் அரை அங்குலம் மேலேயே நின்றுவிடும். கொக்கி 'டக்' என்று சத்தம் போடும், ஆனால் பல்லின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும். மாட்டிவிட்டது என்று நம்பி ஆள் சறுக்கி இறங்குவான். முதல் குலுக்கலில் கழன்றுவிடும்.

ஓடெட் அடுத்த குளிர்காலம் முழுவதும் பூட்ஸை நனைத்து, மான் இறைச்சி வைத்திருந்த உறைபெட்டியில் போட்டு, எடுத்து, மிதித்து, திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் அவளுடைய அப்பா என்னிடம் புலம்புவார்: "சாப்பாட்டுக்கு மான் கேட்டா என் மக செருப்ப எடுத்துக் குடுக்கறா." மார்ச்சில் அவளுக்கு வழி கிடைத்தது. கொக்கிக்கு ஒரு பல் போதாது, இரண்டு வேண்டும். பனி ஒட்டியிருந்தாலும் முதல் பல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சறுக்கும்போது உடம்பின் பாரம் பனியை நசுக்கி வெளியே தள்ளத் தள்ள, கொக்கி தானாக இறங்கி இரண்டாவது பல்லில் விழும். எந்த நிலையிலும் கால் பிடியில் இருக்கும்.

1994 வசந்தத்தில் வெண்டலிடம் காட்டினாள். அவர் மிதித்தார், குதித்தார், பட்டறை நடுவில் பலகையோடு தவளை மாதிரி தாவினார். "ஓடெட், நீ யாரும்மா! இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தே இத?" என்று அவளைக் கட்டிக்கொண்டார். படங்களைச் சுத்தமாக வரைந்து அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த மார்ச்சில், விற்பனைக்குப் போகும் மாதிரிகளை மலையில் சோதிக்கும் நாள் வந்தது. உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே வெயில். பனி ஈரமாகி, நாங்கள் மசித்த உருளைக்கிழங்கு என்போமே, அந்தப் பதத்தில் இருந்தது. காலில் ஒட்டுவதற்கு அதைவிட மோசமான பனி கிடையாது. "இன்னைக்குத்தான் சரியான நாள்," என்று ஓடெட் பெட்டியிலிருந்து புது ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். தன் பைண்டிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நான் கீழே நின்றிருந்தேன். நல்ல வேகத்தில் வந்தாள். மேட்டில் ஏறி இறங்கியபோது பின்கால் கழன்றது. முன்கால் கழலவில்லை. பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மறுபக்கம் போக, முழங்கால் நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் கத்தியது லிஃப்ட் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பலகையைத் தன் பக்கம் இழுத்து, கொக்கியிலிருந்த பனியை விரலால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பல்லுதான் இருக்கு, ஃபே," என்றாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "பாரு. ஒண்ணுதான் இருக்கு."

இரண்டு பல் வெட்டினால் ஒவ்வொரு கொக்கியையும் தனியாகச் சாணை பிடிக்க வேண்டும்; ஜனவரியில் நடந்த வியாபாரக் கண்காட்சிக்குச் சரக்கு தயாராகாது. அதனால் வெண்டல் ஒரு பல்லை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளைக் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் அவளோடு இருக்கும்போதுதான் வெண்டல் வந்தார். ஒரு கூடை ஆரஞ்சும் ஒரு தாளும் கொண்டுவந்தார்.

"உன் காலு குணமாகறவரைக்கும் சம்பளம் வரும். அதப் பத்திக் கவலப்படாத," என்றார். "இது இன்ஷூரன்ஸுக்கு ஒரு சம்பிரதாயம். பூட்ஸ சரியா மாட்டலன்னு ஒரு வரி."

"அந்தப் பல்ல ஏன் எடுத்தீங்க?"

"ஓடெட், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ சரியா மிதிக்கல. அவ்வளவுதான்."

"நான் செஞ்சத நான் சரியா மிதிக்கல?"

"எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அவள் தாளை வாங்கி, மடித்து, ஆரஞ்சுக் கூடைக்குள் வைத்து, கூடையை அவர் மடியில் வைத்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வாரத்தில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. அவளுடைய டூல்பாக்ஸைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு போனது நான். அவள் ஊன்றுகோலோடு தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கண்ணைப் பார்க்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெண்டல் ஒற்றைப் பல் பைண்டிங்கையே அடுத்து வந்த குளிர்காலம் கடைகளுக்கு அனுப்பினார். ஓடெட் விழுந்ததைப் பார்த்த பிறகும் அனுப்பினார். ஒரு பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. உள்ளே, ஒருநாள் தன் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கும்போது இந்த யோசனை பளிச்சென்று வந்தது என்று சொல்லியிருந்தார். ஓடெட் அதை வாங்கி முழுவதும் படித்தாள் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு பிரதி வாங்கினாளாம்.

1996 அக்டோபரில் காப்புரிமைப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் ஏறியது. கண்டுபிடித்தவர்: வெண்டல் புரூயிட். வேறு பெயர் இல்லை. படத்தைப் பார்த்தேன், அதில் இரண்டு பல் இருந்தது. ஓடெட் வரைந்து கொடுத்ததை ஒரு கோடுகூட மாற்றாமல் அப்படியே அனுப்பியிருந்தார்கள். எனக்கு டூல்பாக்ஸ் ஞாபகம் வந்தது. பத்திரத்தின் எண்ணை ஓர் அட்டைப்பெட்டி ஓரத்தில் எழுதிக் கிழித்து, அன்றே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "உள்ள வா," என்றாள். பதினெட்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

செயின்ட் ஜான்ஸ்பரியில் ஆல்மா ஸ்ட்ரட் என்று ஒரு வக்கீல் அம்மா. என் காரில்தான் போனோம். ஓடெட் காலண்டர் தாளை மேஜைமேல் வைத்தாள். ஆல்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தைப் பார்த்தார், பிறகு பசுவின் சினை விவரத்தைப் படித்தார், பிறகு தேதியைப் பார்த்தார்.

"வேலைக்குச் சேரும்போது, நீங்க கண்டுபிடிக்கறதெல்லாம் கம்பெனிக்குன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்களே?"

"இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. எல்லா கம்பெனியும் வாங்கும்."

"இன்ஜினியருங்ககிட்ட வாங்கினாங்க. என்கிட்ட வாங்கல. அலுவலகத்துல அந்தப் பொண்ணு கேட்டா, இவங்களுக்கும் ஒண்ணு குடுக்கவான்னு. வெண்டல் சிரிச்சான். 'இவ என்னத்தக் கண்டுபிடிக்கப் போறா, டிரில்லுக்குக் கூர் போட வந்தவ'ன்னான். என் எதிர்லயே."

ஆல்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்படின்னா அந்தக் காப்புரிமை அவருடையதே இல்ல. உங்களோடது. நாளைக்கே மனு போடலாம்."

"போட்டா அவனுக்கு எவ்வளவு வலிக்கும்?"

"என்ன கேக்கறீங்கன்னு புரியல."

"அவனுக்கு ரொம்ப வலிக்கறது எப்ப? இன்னைக்கா, இன்னும் கொஞ்ச நாள் கழிச்சா?"

ஆல்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "கம்பெனிய விக்கும்போது. வாங்கறவன் முதல்ல கேக்கறது காப்புரிமையத்தான்."

"அப்ப காத்திருக்கலாம்," என்றாள் ஓடெட்.

காத்திருந்தாள். அதற்குள் ஸ்டார்லிங் மலையில் வாடகைக்குச் சாமான் கொடுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே மாட்டியிருந்தது முழுவதும் டிரம்லின் பைண்டிங். இருநூற்று அறுபது ஜோடி. நொண்டிக்கொண்டே நாள் முழுவதும் அவற்றை எடுத்துக் கொடுப்பாள், திரும்ப வாங்கித் துடைத்து வைப்பாள். தினமும் பார்க்கப் பார்க்க ஆறிப்போகும் என்று நான் நினைத்தேன். மாறாக, ஊறிக்கொண்டே போனது. வெண்டலின் காரைப் பார்த்தால் வண்டி எண்ணை முணுமுணுப்பாள். அவர் மகள் கல்யாணம் எந்தத் தேதி, அவர் எந்த வங்கியில் கடன் கேட்டார், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று செய்தாள். 1997 கோடையில், மலை காலியாக இருந்த நாட்களில், அத்தனை கொக்கிகளையும் கழற்றித் தொழுவத்துக்குக் கொண்டுபோய் இரண்டாவது பல் வெட்டினாள். மேலாளர் கண்டுகொள்ளவில்லை, விழுகிறவர்கள் குறைந்தால் அவருக்குப் போதும்.

"அவன் சரக்க நீ எதுக்கு சரிபண்ணித் தரே? அவனுக்குத்தானே நல்ல பேரு?" என்று கேட்டேன்.

"என் சண்ட வெண்டலோட. அவன் பைண்டிங்க மாட்டிக்கிட்டு இறங்கற ஜனங்களோட இல்ல," என்றாள் அரத்தை நிறுத்தாமல்.

அடுத்த குளிர்காலம் நாடு முழுவதும் டிரம்லின் பைண்டிங் கழன்று கால் ஒடிந்த செய்திகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் கம்பெனி ஒரே பதில் எழுதியது: நீங்கள் சரியாக மிதிக்கவில்லை. ஸ்டார்லிங் மலையில் மட்டும் ஒரு புகார்கூட இல்லை. டிரம்லினை வாங்க யோசித்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரியக் கம்பெனி அதைக் கவனித்து, காஸ்பர் என்ற தன் இன்ஜினியரை அனுப்பியது. அவர் வாடகைக் கூடத்தில் ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்தார். கொக்கியை விரலால் மூன்று தடவை தள்ளினார்.

"இது யார் செஞ்சது?"

"நான்."

"ஏன் தொழிற்சாலைலேருந்து இப்படி வரல?"

"அதத் தொழிற்சாலையில கேளுங்க. அப்படியே காப்புரிமை யாருதுன்னும் கேளுங்க," என்று சொல்லி ஆல்மாவின் முகவரியைக் கொடுத்தாள்.

அந்த வாரமே ஆல்மா மனு போட்டார். ஆஸ்திரியக்காரர்கள் வெண்டலிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: காப்புரிமையை விட்டுத்தர அந்தப் பெண்ணின் கையெழுத்து இருந்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் இல்லை. வங்கியும் நெருக்கியது. விற்காவிட்டால் கம்பெனி மூடுவதுதான் மிச்சம். தொழிற்சாலையில் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "நீதானே அவளோட சிநேகிதி. நீ போய்ச் சொல்லு." போனேன்.

ஏப்ரல் மாதம். பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. ஓடெட் சமையலறையில் எனக்குக் காபி ஊற்றினாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நாப்பத்தாறு பேரு, ஓடெட்."

"உன்னையும் சேத்தா?"

"என்னையும் சேத்துத்தான்."

"என் டூல்பாக்ஸ வெளிய கொண்டுவந்து வெச்சது யாரு?"

"நான்தான்."

"நீயாவது கொண்டுவந்தே. மத்தவங்க ஜன்னல் வழியா பாத்துட்டு நின்னாங்க. எண்ணினேன். அன்னைக்கு எனக்கு வேற வேல இல்ல."

அப்போது கதவு தட்டப்பட்டது. வெண்டல். கார் பாதி வழியில் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டதாம்; நடந்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. அவள் துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. "உக்காருங்க," என்றாள்.

அவர் என்னைப் பார்த்துத் திகைத்தார், பிறகு என்னைத் துணைக்கு வந்தவளாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜைமேல் விரித்தார்.

"என்ன வேணும்னு சொல்லு ஓடெட். எவ்வளவுன்னு நீயே போட்டுக்க."

"அது வேணாம். முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க."

"என்ன எழுதணும்?"

"நடந்தத. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீங்களே, அந்த மாதிரி ஒரு தாள். இந்தத் தடவ உண்மைய எழுதுங்க."

அவர் ரொம்ப நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். ஓடெட் கண்டுபிடித்தது, தான் ஒரு பல்லை எடுக்கச் சொன்னது, அவள் விழுந்த பிறகும் தெரிந்தே விற்றது. அவள் வாங்கிப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"'குறை இருந்திருக்கலாம்'னு எழுதியிருக்கீங்க."

"வக்கீல் அப்படித்தான் சொல்லுவாரு."

"வக்கீல் இங்க இல்ல. 'இருந்தது'ன்னு மாத்துங்க."

மாற்றினார். கையெழுத்துப் போட்டார். அவள் தாளை என் பக்கம் தள்ளினாள். "ஃபே, சாட்சி போடு." இத்தோடு முடிந்தது, அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள், திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போவோம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

அவள் அந்தத் தாளை ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். வெண்டல் தன் பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"போட மாட்டேன்."

"நீ... நீ சொன்னியே!"

"எழுதச் சொன்னேன். கையெழுத்துப் போடறேன்னு எப்பச் சொன்னேன்? ஃபே, சொன்னேனா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். "சொல்லல," என்றேன்.

வெண்டல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் அழிஞ்சு போயிடுவேன், ஓடெட். வீடுகூட அடமானத்துல இருக்கு."

"தெரியும். அதுக்குத்தான் இத்தன நாள் பொறுத்திருந்தேன்."

"இத்தன பேர் வயித்துல அடிக்கறியே, இது நியாயமா? நான் என்ன பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

"ஒண்ணும் பண்ண முடியாது, வெண்டல்." அதுவரை 'நீங்க' என்று பேசியவள் அப்போதுதான் மாறினாள். "நீ சரியா மிதிக்கல. அவ்வளவுதான்."

அவர் எழுந்து வாசலில் நின்றார். காரை இழுக்க டிராக்டர் கேட்க வந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். தொழுவத்தில் டிராக்டர் நின்றிருந்ததை மூவருமே பார்த்தோம். சேற்றில் இறங்கி நடந்தார்.

அவர் போனதும் நான் வெடித்தேன். "பாவி, என்னையே சாட்சி போட வெச்சிட்டியேடி! என் கையால என் வேலைய நானே..."

"வேற யாரு இருந்தா இங்க?" என்றாள். என் கோப்பையை எடுத்துப் போய்த் தொட்டியில் வைத்தாள். "போ, ஃபே. திட்டணும்னா வெளிய போய்த் திட்டு. எனக்குக் கேக்கும்."

திட்டிவிட்டுத்தான் போனேன்.

ஜூன் மாதம் டிரம்லின் மூடப்பட்டது. வெண்டல் வீட்டை இழந்து, நியூ ஹாம்ப்ஷயரில் யாருக்கோ வீட்டுத் தரகராகப் போனார். அவர் எழுதிய தாளை ஆல்மா கால் ஒடிந்த ஒன்பது பேரின் வக்கீல்களுக்கு அனுப்பினார். 'சரியாக மிதிக்கவில்லை' என்று கைகழுவப்பட்டிருந்த ஒன்பது பேருக்கும் இன்ஷூரன்ஸ்காரர்கள் இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. காப்புரிமையும் ஓடெட்டின் பெயருக்கு மாறியது. ஆனால் அந்தப் பைண்டிங்கை யாரும் செய்யவில்லை. ஆஸ்திரியக்காரர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். ஒரே இழுப்பில் இறுகும் நல்ல வார்கள் வந்துவிட, மிதித்து மாட்டும் மோகமே அடங்கிப்போனது. உச்சியில் ஜனங்கள் மறுபடி குண்டியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஊர் அவளோடு பேசவில்லை. கடையில் அவள் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர் திரும்ப மாட்டார். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. போகவர ஒரு மணி நேரம். வழியில் அவள் வண்டி எதிரே வந்தால் கையைத் தூக்க மாட்டேன். அவளும் தூக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஊர்க்கூட்டம். வருஷத்துக்கு ஒருமுறை சாலைக்கும் பள்ளிக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஓடெட் தனியாக ஒரு நீளமான மேஜையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் காலி. நான் தட்டோடு கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தேன்.

"பரிதாபப்பட்டு உக்கார வேணாம்," என்றாள் நிமிராமல்.

"உன்மேல யாரு பரிதாபப்பட்டா? இந்தப் பக்கம்தான் அடுப்பு இருக்கு. எனக்குக் குளிருது."

கொஞ்ச நேரம் சாப்பிட்டோம். கூடம் எங்களைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"ஒண்ணு கேக்கறேன். அந்தக் கையெழுத்தப் போட்டிருந்தா உன் பைண்டிங் இன்னைக்கு உலகம் பூரா இருந்திருக்கும். அது உனக்குத் தோணவே இல்லையா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வழக்கம்போல் பேச்சை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"தினமும் தோணுது," என்றாள். "ஆனா அவன் அந்தச் சேத்துல நடந்து போனதும் தினமும் ஞாபகம் வருது. எது முதல்ல வருதோ, அன்னைக்கு அப்படி."

"இன்னைக்கு எது வந்துச்சு?"

"சேறு," என்றாள். "அந்த பீன்ஸ இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். அவள் தனக்குப் போட்டுக்கொண்டு, கேட்காமலே என் தட்டிலும் ஒரு கரண்டி போட்டாள்.